தொங்கு படுக்கைக்குத் தூவிப் போர்வை: வீட்டிலேயே தைக்கும் வழி

உத்திரத்தில் கட்டிய தூளியில் உறங்கி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே, இரு மரங்களுக்கு இடையே கட்டிய துணியில் படுத்து இரவைக் கழிப்பது நமக்கு முற்றிலும் புதிய எண்ணமன்று. ‘ஹேமக்’ என்று இன்று உலகம் வழங்கும் இத்தொங்கு படுக்கையின் பெயர், கரீபியத் தீவுகளின் தொல்குடியினரான தாயினோ மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1492-இல் அத்தீவுகளை அடைந்த கொலம்பசின் குழுவினர் வழியாக அது ஐரோப்பாவுக்கு அறிமுகமாகி, பின்னர் மாலுமிகளின் படுக்கையாயிற்று. இன்று அது காட்டுவழி நடப்போரின் படுக்கையாகவும் விளங்குகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மேய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையின் பெரும்பகுதி மரமடர்ந்த காடு. அங்கே நடப்போரில் பலர் கூடாரத்தை விடுத்துத் தொங்கு படுக்கையை விரும்புகின்றனர். சமதரை தேட வேண்டியதில்லை. கல்லும் வேரும் முதுகில் உறுத்துவதில்லை. ஈரத் தரையும் தொல்லை தருவதில்லை.

ஆயினும் இப்படுக்கைக்கு ஒரு குறை உண்டு. அதனை நாங்கள் பட்டறிந்தோம். உத்தராகண்டில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், கருவாலி மரங்கள் சூழ்ந்த ஒரு முகாமில், அக்டோபர் மாத இரவு ஒன்றில், நல்ல உறக்கப்பைகளைத் தொங்கு படுக்கைக்குள் விரித்துப் படுத்தோம். நள்ளிரவு கடந்ததும் ஒருவர் பின் ஒருவராக விழித்தோம். மார்பும் கால்களும் வெதுவெதுப்பாக இருந்தன; முதுகு மட்டும் உறைந்தது. விடியும்வரை எவரும் உறங்கவில்லை. காலையில் வெப்பமானி காட்டியது 8 டிகிரிதான். அந்தக் குளிருக்குப் போதுமான உறக்கப்பைகள் எங்களைக் கைவிட்டது ஏன்?

முதுகு குளிர்வது ஏன்?

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. அக்காவலைச் செய்வது துணியன்று, அதனுள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. உறக்கப்பையின் மேற்பகுதி உப்பி நிற்பதால் காற்றைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியோ உடலின் எடையால் நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது. தரையில் படுப்போர் அடியில் பாய் விரித்து இக்குறையை ஈடு செய்கின்றனர். தொங்கு படுக்கையின் அடியிலோ குளிர்காற்று தடையின்றி வீசி, எஞ்சிய வெப்பத்தையும் கொண்டு சென்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளியது. போர்வையை உடலுக்கும் படுக்கைக்கும் இடையே வைக்காமல், படுக்கைக்கு வெளியே, அதன் அடியில் தொங்கவிட வேண்டும். அப்போது உடலின் எடை அதன்மீது விழாது; அது உப்பியே நிற்கும். இதனைக் கீழ்ப்போர்வை என்கிறோம்.

தூவியின் சிறப்பு

வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மார்பில், வெளியிறகுகளுக்கு அடியில், தண்டில்லாத மென்மயிர் பூவாக விரிந்திருக்கும். அதற்குத் தமிழில் தூவி என்று அழகிய பெயர் உண்டு. திருக்குறள் மென்மைக்கு எடுத்துக்காட்டாக அன்னத்தின் தூவியைக் கூறுகிறது. வாடைக்காலத்தைப் பாடும் சங்க நூலான நெடுநல்வாடையிலும் அரசியின் படுக்கையில் அன்னத்தூவி இடம்பெறுகிறது.

மலையேற்ற உடையில் தூவியின் ஆற்றலை மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஃபிஞ்ச். 1922-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்தில், பலூன் துணிக்குள் தூவியை அடைத்துத் தாமே வடிவமைத்த மேலங்கியை அவர் அணிந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்திருந்த பிறருக்கு முதலில் அது வேடிக்கையாகத் தோன்றியது. மலையின் குளிரில் அதன் பயன் விளங்கிற்று.

தூவியின் தரத்தை அதன் உப்பும் திறனைக் கொண்டு அளக்கின்றனர். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். 650 என்று குறித்திருந்தால், 28 கிராம் தூவி ஏறத்தாழ பத்தரை லிட்டர் இடத்தை நிரப்பும். 550 முதல் 650 வரை நடுத்தரம். 800-க்கு மேல் உயர்தரம்.

செலவுக் கணக்கு

அமெரிக்காவில் ஆயத்தமாக விற்கும் தூவிக் கீழ்ப்போர்வையின் விலை பெரும்பாலும் 200 டாலரைத் தாண்டும். ஆனால் அங்குள்ள பெரிய விற்பனைக் கூடங்களில், வரவேற்பறையில் போர்த்திக்கொள்வதற்கான சிறு தூவிப் போர்வைகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைப்பதுண்டு. ஏறத்தாழ 150 செ.மீ. அகலமும் 175 செ.மீ. நீளமும் கொண்ட அப்போர்வையின் எடை அரை கிலோவை ஒட்டியது. நடைப்பயணிகள் அதனையே வாங்கி, வீட்டுத் தையல் இயந்திரத்தில் கீழ்ப்போர்வையாக மாற்றிக்கொள்கின்றனர். நம் நாட்டில் இணையக் கடைகளிலும், வெளிநாட்டில் வாழும் உறவினர் வழியாகவும் இத்தகைய போர்வைகளைப் பெறலாம். வாங்கும்போது தூவியின் விகிதத்தையும் உப்பும் திறனையும் உறையின் மீதுள்ள குறிப்பில் பாருங்கள். பறவைகளைத் துன்புறுத்தாமல் பெற்ற தூவி என்பதற்கான சான்றிதழ் முத்திரை உள்ளதா என்பதையும் கவனிப்பது நம் கடமை.

தைக்கும் முறை

தேவையானவை: தூவிப் போர்வை ஒன்று, 3 மி.மீ. தடிமனுள்ள எலாஸ்டிக் கயிறு 8 மீட்டர், கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பூட்டுகள் நான்கு, சிறு கொக்கிகள் இரண்டு, பாலியெஸ்டர் நூல், மெல்லிய ஊசி.

முதலாவதாக, போர்வையின் ஓரங்களில் உள்ள தூவியை விரல்களால் உட்பக்கம் தள்ளிவிடுங்கள். பிறகு நான்கு ஓரங்களையும் 3 செ.மீ. அளவுக்கு மடித்து, துணி உலர்த்தும் கிளிப்புகளால் பிடித்துக்கொள்ளுங்கள். குண்டூசி வேண்டா, அது இடும் ஒவ்வொரு துளையும் தூவி வெளியேறும் வாயிலாகும். இதே காரணத்தால் தையலும் நெருக்கமாக இருத்தல் கூடாது, 3 மி.மீ. இடைவெளி போதும். முதல் முயற்சியில் தடித்த ஊசியால் நெருக்கித் தைத்த நாங்கள், அறையெங்கும் தூவி பறக்கக் கண்டோம்.

இரண்டாவதாக, மூலைகளில் மடிப்பின் வாய்களைத் திறந்தே விடுங்கள். இப்போது நான்கு ஓரங்களிலும் கயிறு செல்லும் குழல்கள் அமைந்திருக்கும். நீண்ட ஓரங்கள் இரண்டிலும் ஒவ்வொரு கயிற்றைச் செலுத்தி, அவற்றின் முனைகளை இருபுறமும் நீளவிட்டு, ஒவ்வொரு புறத்திலும் ஒரு கொக்கியில் சேர்த்துக் கட்டுங்கள். இக்கொக்கிகளைத் தொங்கு படுக்கையின் இரு நுனிகளிலும் மாட்ட வேண்டும்.

மூன்றாவதாக, குறுகிய ஓரங்களில் வேறு கயிறுகளைச் செலுத்தி, முனைகளில் பூட்டுகளை மாட்டுங்கள். இக்கயிறுகளை இழுத்தால் ஓரங்கள் சுருங்கித் தலைப்பக்கமும் கால்பக்கமும் காற்று நுழையும் இடைவெளி அடைபடும்.

மேலே போர்த்திக்கொள்வதற்கு இரண்டாவது போர்வையைப் பயன்படுத்தலாம். அதன் கால்பக்கத்து 50 செ.மீ. நீளத்தை மட்டும் இரண்டாக மடித்து ஓரத்தையும் அடியையும் தைத்துவிட்டால், கால்களை நுழைத்துக்கொள்ளும் பை போல அமைந்துவிடும்.

வீட்டிலேயே சோதனை

தைத்து முடித்ததும் மலைக்குப் புறப்பட வேண்டா. முதலில் வீட்டுத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ உறுதியான பிடிமானத்தில் கட்டி, ஒருவரைப் படுக்கச் சொல்லுங்கள். கட்டும் பட்டை கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இருத்தல் நலம். அமரும் உயரம் நாற்காலியின் உயரத்தை மிஞ்ச வேண்டா. மற்றொருவர் கீழ்ப்போர்வைக்கும் படுக்கைக்கும் இடையே கையை நுழைத்துப் பார்க்கட்டும். கை தளர்வாகச் சென்றால் இடைவெளி மிகுதி. அங்கே குளிர்காற்று தங்கும். கை நுழையவே இயலாவிட்டால் தூவி நசுங்குகிறது. போர்வை படுக்கையை மெல்லத் தொட்டு நிற்பதே சரியான நிலை.

எல்லையை அறிதல்

இத்தகைய போர்வைகளில் மேல்துணியும் கீழ்த்துணியும் தையற்கோடுகளில் நேரடியாக ஒட்டியிருக்கும். அக்கோடுகளில் தூவி இல்லாததால் குளிர் ஊடுருவும். எனவே ஒற்றைப் போர்வையை 10 டிகிரி அளவிலான மிதமான குளிருக்கு மட்டுமே நம்பலாம். அதற்குக் கீழே சென்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடலாம். உறைநிலையை நெருங்கும் இரவுகளுக்கு, உள்ளே தடுப்புச் சுவர்கள் அமைத்துத் தைத்த முறையான போர்வையையே வாங்க வேண்டும். உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அங்கே சிக்கனம் பேசுதல் தகாது.

தூவியின் பகை ஈரம். நனைந்த தூவி உப்பாது. உப்பாத தூவி காக்காது. ஆகவே படுக்கைக்கு மேலே அகன்ற தார்ப்பாய் கட்டாயம் வேண்டும். மழைமிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குத் தூவியைவிடப் பாலியெஸ்டர் இழை நிரப்பிய போர்வையே ஏற்றது. எடை கூடினாலும் ஈரத்தில் அது ஓரளவு கைகொடுக்கும். எந்தக் காட்டிலும் வனத்துறையின் அனுமதி பெற்றே தங்க வேண்டும். மரப்பட்டை காயமுறாதவாறு மெல்லிய கயிற்றை விடுத்து அகன்ற பட்டையால் கட்டுவதும் அவசியம்.

அடுத்த அக்டோபரில் அதே முகாமுக்கு மீண்டும் சென்றோம். குளிர் ஏறத்தாழ முன்பிருந்த அளவே. இம்முறை எங்கள் கைகளால் தைத்த போர்வைகள் அடியில் தொங்கின. நள்ளிரவில் எவரும் விழிக்கவில்லை. விடிந்த பிறகு எங்களை எழுப்புவதற்கு முகாம் பணியாளர் தேநீருடன் வந்து இருமுறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது.