முக வேறுபாடுள்ள குழந்தைகளும் நாடகப் பயிலரங்குகளும்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, தீக்காயத் தழும்பு, பெரிய பிறவி மச்சம், முக நரம்புச் செயலிழப்பு போன்றவற்றால் பிறரிடமிருந்து வேறுபட்டுத் தோன்றும் நிலை முக வேறுபாடு எனப்படும். இந்நிலையிலுள்ள குழந்தைகள் தயக்கமின்றிப் பிறருடன் பழகப் பயிற்சி தரும் வழிகளுள் நாடகப் பயிலரங்கும் ஒன்று.

சிகிச்சையும் அதன் எல்லையும்

உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்றில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்படுகிறது. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் இது ஏற்பட்டது என்ற நம்பிக்கை தமிழகத்தில் இன்றும் உண்டு. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. கருவின் தொடக்க வாரங்களில் முகத்தின் பகுதிகள் முழுமையாக இணையாததே பிளவுக்குக் காரணம். இந்த நம்பிக்கையால் பழி தாயின் மீது விழுகிறது. குழந்தையும் அதைக் கேட்டே வளர்கிறது.

உதட்டுக்கான அறுவை சிகிச்சை பொதுவாகச் சில மாதக் குழந்தையாக இருக்கும்போதும், அண்ணத்துக்கானது ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் செய்யப்படுகிறது. 2013இல் தொடங்கிய, ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிகின்றன. வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஸ்டான்லி ஒன்று. அறுவை சிகிச்சை பிளவை மூடும். ஆனால் வகுப்பில் வைக்கப்படும் பட்டப்பெயரையும், பேருந்தில் உற்றுப் பார்க்கும் கண்களையும் அதனால் தடுக்க முடியாது.

முன்னோடி முயற்சிகள்

1970இல், 18 வயதில், கார் விபத்தில் முகத்தில் கடும் தீக்காயம் அடைந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 1992இல் பிரிட்டனில் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சங்கடமான சூழலுக்கு முன்கூட்டியே தயாராக, செய்ய வேண்டிய மூன்று செயல்கள், சொல்ல வேண்டிய இரண்டு பதில்கள், மனத்தில் நினைக்க வேண்டிய ஓர் எண்ணம் என்ற எளிய முறையை இவ்வமைப்பு கற்பிக்கிறது. இதுவும் ஒரு வகை ஒத்திகையே.

பிரேசில் நாடகாசிரியர் அகஸ்டோ போவால் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' இம்முயற்சிக்கு மிகவும் பொருந்தும். அதில் ஒருவர் அவமதிக்கப்படும் காட்சி நடிக்கப்படும். பார்ப்பவர் அதை நிறுத்தி, தாமே மேடையேறி வேறு பதிலைச் சொல்லிப் பார்க்கலாம்.

பயிலரங்கு நடைபெறும் முறை

முதலில் வட்டமாக நின்று விளையாடும் விளையாட்டுகள், அடுத்து குரல், உடல் பயிற்சிகள், பிறகு அன்றாடக் காட்சிகள் என்ற வரிசை பொருத்தமானது. "உன் வாய்க்கு என்ன ஆச்சு?" என்று புதிய மாணவர் கேட்பது அத்தகைய ஒரு காட்சி. "பிறக்கும்போதே இப்படித்தான். வா, விளையாடலாம்" என்று ஒரு குழந்தை சொல்லலாம், இன்னொன்று பதில் சொல்லாமலே பேச்சை மாற்றலாம். இரண்டும் சரியே. திரும்பத் திரும்ப நடித்துப் பார்ப்பதால் உண்மையான தருணம் வரும்போது குழந்தை திகைத்து நிற்பது குறைகிறது.

அண்ணப் பிளவுள்ள சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காற்று மூக்கு வழியாகக் கசிவதால் ப, ட, க போன்ற ஒலிகள் தெளிவாக வராமல் இருக்கலாம். அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் உதவி தேவை. நாடகம் அதற்கு மாற்று ஆகாது. கற்ற பேச்சைப் பலர் முன்னிலையில் துணிந்து பயன்படுத்தும் இடமே நாடகம்.

கவனிக்க வேண்டியவை

முகமூடி விளையாட்டாக இருக்கலாம். மறைக்கும் கருவியாகிவிடக் கூடாது. தெருக்கூத்தில் அரசன் முதல் கட்டியக்காரன் வரை எல்லோரும் அரிதாரம் பூசுகின்றனர். அதுபோல் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பூசிக்கொண்டால் எவரும் தனித்து நிறுத்தப்படுவதில்லை. முக வேறுபாடுள்ள குழந்தைக்கு அரக்கன் வேடத்தையோ பரிதாபத்துக்குரிய வேடத்தையோ மட்டும் ஒதுக்குவது தவறு. குழந்தையின் விருப்பமும் பெற்றோரின் ஒப்புதலும் இல்லாமல் அதன் கதையை மேடையேற்றவோ படம் எடுத்துப் பரப்பவோ கூடாது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழா இக்குழந்தைகளுக்கும் உரிய மேடையே. மாற வேண்டியது குழந்தை மட்டுமன்று. அதே காட்சியில் கேலி செய்பவராகவும் கேலிக்கு உள்ளாகுபவராகவும் மாறி மாறி நடிக்கும் வகுப்புத் தோழர்களும் இப்பயிலரங்கின் மாணவர்களே.