டிராக்டர் டயர் சீக்கிரம் தேய்கிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

டிராக்டரின் பின் டயர் எத்தனை வருடம் வரும் என்று கேட்டால், ஒருவர் ஏழு வருடம் என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். வருடக் கணக்கை விட, மீட்டரில் ஓடிய மணி நேரமும், அதில் எவ்வளவு நேரம் தார் ரோட்டில் ஓடியது என்பதும்தான் முக்கியம்.

உழவு மண்ணில் டயரின் பட்டன்கள் புதைந்துகொள்கின்றன. பட்டன்களுக்கு இடையிலுள்ள ரப்பரும் மண்ணில் உட்கார்ந்து பாரத்தைத் தாங்குகிறது. தார் ரோட்டில் மொத்தப் பாரமும் பட்டன்களின் மேல்தான். ஒவ்வொரு சுற்றிலும் அவை நசுங்கி, வளைந்து, ரோட்டில் உரசுகின்றன. வேகமும் வெயிலும் சேர்ந்தால் ரப்பர் சூடாகி இன்னும் சீக்கிரம் கரையும். வாடகை உழவுக்கு ஊர் ஊராகப் போகும் வண்டிகளும், கரும்பு டிரெய்லர் இழுக்கும் வண்டிகளும் டயரை முதலில் இழப்பது இதனால்தான்.

ரோட்டில் ஓட்டாமல் இருக்க முடியாது. ஆனால் காற்று உங்கள் கையில் இருக்கிறது. 13.6-28 அளவுள்ள பின் டயருக்கு வயல் வேலையில் பொதுவாக 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும். டிரெய்லர் பாரத்தோடு ரோட்டில் போகும்போது கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கூட வந்த கையேட்டில் இருக்கும். காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், வயலில் சக்கரம் வழுக்கும். குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி வெடிப்பு விடும். பாரம் இழுக்கையில் டயர் ரிம்மில் நகர்ந்து, டியூபின் வால்வே பிய்ந்துவிடுவதும் உண்டு.

பஞ்சர் கடையில் காற்று அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று நிற்கும். அதற்கான கேஜில் 12-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் சரியாகத் தெரியாது. கையால் தட்டிப் பார்ப்பதும் கணக்காகாது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, வண்டி எடுக்கும் முன் காலையிலேயே பாருங்கள். ஒரு பின் டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே அல்ல.

வயலில் டயரைத் தின்பது வழுக்கல். அதை நீங்களே அளக்கலாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதே வயலில், கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடி 10 சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். உழவில் 10 முதல் 15 சதவீதம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் டயரோடு டீசலும் வீணாகிறது. உழவு ஆழத்தைக் குறையுங்கள், அல்லது எடை சேருங்கள். டயரில் தண்ணீர் நிரப்புவதாக இருந்தால் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதி இடம் காற்றுக்கு. வேலை முடிந்து ரோட்டு ஓட்டம் அதிகமாகும் காலத்தில் அந்த எடை தேவையில்லை.

முன் டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். டோ-இன் மாறியிருக்கும், அல்லது புஷ், பேரிங் ஆடும். மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

டிஃபரன்ஷியல் லாக் போட்டபடி வண்டியைத் திருப்பக் கூடாது, டயர் அரைபடும். பருத்தி மார் வெட்டிய வயலில் கூரான கட்டைகளும், வரப்போரம் சீமைக்கருவேல முள்ளும் புது டயரையும் குத்திவிடும் என்பது உங்களுக்கே தெரியும். வேலையில்லாத நாட்களில் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். டீசலோ ஆயிலோ ரப்பரில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று பொருள். கடையில் வருடக் கணக்கில் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்க வேண்டாம். மாட்டும்போது அம்புக்குறி, வண்டி முன்னோக்கி ஓடுகையில் சக்கரம் சுற்றும் திசையிலேயே இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.