சேர்வு இடாப்பும் ஜாவாச் சட்டகமும்

பாடசாலை ஒன்றிலே மிகப் பழைய ஏடு எது என வினவினால், நூலகத்திலுள்ள யாதேனும் ஒரு நூலைச் சுட்டுவது வழக்கம். உண்மையில் அதிபரின் அலுமாரியிலுள்ள சேர்வு இடாப்பே பெரும்பாலும் அப்பெருமைக்கு உரியது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றார் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் என்னும் சில பத்திகளே அதிற் காணப்படும். ஆயினும் விடுகைப் பத்திரம் வேண்டி முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வந்து நிற்கும்போது, அச்சில பத்திகளே அவருக்கு ஆதாரம். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்தபோது, பாடசாலை ஏடுகளைத் தலையிற் சுமந்து செல்ல எத்தனை பேருக்கு இயன்றிருக்கும்? ஆதலின் இடாப்பைக் கணினியில் ஏற்றி, எங்கிருந்தும் காணத்தக்கதாக இணையத்தில் வைப்போம் எனப் பழைய மாணவர் முன்வரும்போது அதனை மறுப்பார் இலர். எதன்மேல் அதனைக் கட்டுவது என்னும் வினாவிலேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

இளைஞர் பலர் உடனே கூறும் விடை, "ஜாவா மொழியில் எழுதுவோம், திறந்த மூலச் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்" என்பது. சட்டகம் என்பது யாது? கலைப் பட்டதாரியாகிய நான் இதனை எனக்குத் தெரிந்த பாடசாலையை வைத்தே விளங்கிக்கொண்டேன். அகராதியை ஆசிரியர் வேண்டியபோது எடுத்துப் புரட்டுகின்றார். வேண்டாதபோது மூடி வைக்கின்றார். நேரசூசியோ அத்தகையதன்று. மணி அடித்தால், எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்குச் செல்லவேண்டும் என்பதை அதுவே பணிக்கின்றது. பிறர் எழுதிய நிரற்றொகுதிகளுள் அகராதி போன்றவை நூலகங்கள் எனப்படும்; நேரசூசி போன்றவையே சட்டகங்கள். நாம் எழுதும் நிரலைச் சட்டகமே காலமறிந்து அழைக்கின்றது. அகராதி பிடிக்காவிடின் மறுநாளே வேறொன்றை வாங்கலாம். ஆண்டின் நடுவில் நேரசூசியை மாற்றிய அதிபருக்குத்தான் அதன் துன்பம் தெரியும்.

இத்துறையில் நம் நாடு வெறும் நுகர்வோர் நாடன்று. இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ் இரண்டு என்னும் ஜாவாச் சட்டகத்தை உருவாக்கியோருட் பலர் இலங்கையர். அதன் முதலாம் பதிப்பு 2006இல் வெளிவந்தது. 2020 ஜனவரியில், புதிய கொள்ளை நோய் சீனத்திலிருந்து பரவத் தொடங்கிய நாட்களிலே, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஏற்பாட்டை உலகில் முந்திச் செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தும் டி.எச்.ஐ.எஸ். இரண்டு என்னும் திறந்த மூலச் சுகாதாரத் தகவல் முறைமையின்மேல் அது சில நாட்களிற் கட்டப்பட்டது. அம்முறைமை ஜாவாவில் எழுதப்பட்டது; ஸ்பிரிங் என்னும் சட்டகத்தைத் தழுவியது. அத்துணை விரைவு எவ்வாறு இயன்றது? அதனை நம்மவர் ஆண்டுக்கணக்காகக் கையாண்டு அதன் உள்ளறிந்திருந்தமையே காரணம். புத்தம் புதிய கருவியொன்றை அன்று தேடிப் பிடித்திருந்தால், பயிலும் முன்னரே நோய் ஊருக்குள் வந்திருக்கும்.

இனி, திறந்த மூலம் என்றதும் "இலவசந்தானே" என்று மகிழ்வோர் உளர். நமது ஊரிலே காணி வாங்குவோன் கிணறு உண்டா என்று மட்டும் பார்ப்பதில்லை. கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் உறுதியில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்று நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பிக்கின்றான். மென்பொருளுக்கு உறுதி போன்றது அதன் உரிமப் பத்திரம். அப்பாச்சி உரிமம், பெற்றவரைக் குறிப்பிட்டுவிட்டு நம் விருப்பம்போற் பயன்படுத்த இடந்தருகின்றது. குனூ பொது உரிமமோ, மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போது மூல நிரலையும் அதே நிபந்தனையில் வழங்குக என்கின்றது. பாடசாலைக்கு இரண்டும் தீங்கல்ல. எது நம் கையிலுள்ளது என்று அறியாதிருத்தலே தீங்கு. உறுதியின் வலிமைக்கு ஸ்பிரிங்கின் வரலாறே சான்று. ரொட் ஜோன்சன் என்னும் அவுஸ்திரேலியர் 2002இல் எழுதிய நூலொன்றின் நிரலிலிருந்து பிறந்து, 2004இல் முதலாம் பதிப்பாக வெளிவந்த அச்சட்டகத்தைப் பேணும் நிறுவனம் 2009இல் வீ.எம்.வெயரின் கைக்குச் சென்றது. பின்னர் பிவோட்டல், மீண்டும் வீ.எம்.வெயர், 2023 முதல் புரோட்கொம் எனக் கை மாறியது. உடைமையாளர் மாறினர், அப்பாச்சி உரிமம் மாறவில்லை.

ஆனால் உறுதி மாத்திரம் கிணற்றைத் தூர்வாராது. பேணுவோர் யார், எத்தனை காலம் பேணுவர் என்பதே நான் மிகவும் அழுத்திக் கேட்கும் கேள்வி. 2000ஆம் ஆண்டளவில் தோன்றி, ஜாவா உலகையே ஆண்ட ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தின் முதலாம் வரிசைக்கு 2013இல் பராமரிப்பு முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்மேற் கட்டிய எண்ணிறந்த நிரல்கள் கூரையின்றி நின்றன. ஸ்பிரிங் 2022 நவம்பரில் ஆறாம் வரிசைக்கு மாறியபோது, ஜாவாவின் பதினேழாம் பதிப்பு இன்றி அது இயங்காது என்றாயிற்று. அன்றியும், ஒராக்கிள் நிறுவனம் ஜாவாவின் பெருந்தொழிற் பகுதியை எக்லிப்ஸ் அமைப்பிடம் கையளித்தபோது பழைய பெயரின் உரிமையை விட்டுக்கொடாமையால், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பெயர்களெல்லாம் ஜகார்த்தா என்று மாற்றப்பட்டன. ஒரு பெயர்த் தகராறுக்காக உலகெங்கும் நிரலாளர் வரிவரியாகத் திருத்தினர்! ஸ்பிரிங் பூட் என்னும் அதன் துணைத் தொகுதியிலே சிறு பதிப்பு ஒவ்வொன்றுக்கும் இலவசப் பராமரிப்பு ஏறத்தாழ ஓராண்டே. அதாவது ஆண்டுதோறும் கூரை மேயவேண்டும். அதற்கு ஆள் உண்டா?

மேயாதவர்க்கு நேர்வது யாது என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. ஸ்ட்ரட்ஸ் இரண்டாம் வரிசையிலே இருந்த ஓட்டையொன்றுக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளியாயிற்று. அமெரிக்காவின் எக்குவிபெக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனம் அதனைத் தன் தளமொன்றில் இடவில்லை. மே மாதத்திற் புகுந்த கள்வர் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் தகவல்களைக் கவர்ந்தனர். சட்டகம் கெட்டதன்று, திருத்தியோரும் தாமதிக்கவில்லை. 2021 டிசெம்பரிலோ, லொக்4ஜே என்னும் சிறியதொரு பதிவேட்டு நூலகத்தில் வெளிப்பட்ட குற்றம் உலகையே உலுக்கிற்று. தம் நிரலின் அடியில் அது கிடக்கின்றது என்பதையே அறியாதவர் பலர். ஆதலால் சட்டகத்தை மட்டும் எடைபோடாது, அது தன்னோடு இழுத்துவரும் சுற்றத்தாரையும் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அயல்நாட்டு ஆய்வுரைகளிற் காணப்படாத சோதனையொன்று நமக்கு உண்டு, அது தமிழ். யாழ்ப்பாணம் என்னும் சொல் நமக்கு ஆறு எழுத்து; யூனிகோட் முறையில் எண்ணும் ஜாவாவுக்குப் பதினொரு குறியீடு. பெயருக்கு இருபது இடம் போதும் என எண்ணுவோன் நீண்ட பெயருடைய பிள்ளையின் பெயரைத் துண்டித்துவிடுவான். கோபாலன் என்ற பெயரின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இருவேறு பிள்ளைகள். தேடினால் ஒருவர் அகப்படார். இதனைச் சீர்ப்படுத்தும் வழி 2006 முதல் ஜாவாவிலேயே உண்டு. எனினும் அதனை வேண்டிய இடத்தில் வைப்பது நம் கடமை. 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்புக்கு முந்திய ஜாவாவிலே, திரையிற் காட்டும் சொற்களைத் தொகுத்து வைக்கும் கோப்புகளில் தமிழை நேரே எழுதவும் இயலாது. ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக மாற்றவேண்டியிருந்தது. பழைய சட்டகத்தைப் பழைய ஜாவாவோடு எடுப்போர் இத்தொல்லையையும் உடன் எடுக்கின்றனர்.

இவ்விடத்து எனது கருத்தை மறைக்கவேண்டியதில்லை. நமது குடாநாட்டிலே கெட்டிக்காரப் பிள்ளை என்றும் ஊரில் இருப்பதில்லை. கட்டியவன் கொழும்புக்கோ ரொறன்ரோவுக்கோ சென்றபின், அடுத்து வருபவன் திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளத்தக்கதாக அது இருத்தல் வேண்டும். ஆகவே பலரும் கற்ற, நூல்களும் பாடங்களும் மலிந்த, ஓரளவு சலிப்பூட்டுவதுமான சட்டகமே எனக்கு விருப்பமானது. ஸ்பிரிங் பெரியது, பாரமானது என்பர்; உண்மைதான். ஆயினும் அதனை அறிந்த ஒருவரை யாழ்ப்பாணத்திலும் தேடிப்பிடிக்கலாம். ஒருவர் மட்டும் வியக்கும் நுண்மையான புதுச் சட்டகம், அவர் விமானம் ஏறிய அன்றே அநாதையாகிவிடும். இருநூறு பிள்ளைகள் மட்டும் பயிலும் சிறு பாடசாலையாயின், சட்டகமே வேண்டாம். அட்டவணைக் கோப்பொன்றும் அதன் மூன்று பிரதிகளும் போதும் என்பேன். இதனைக் கேட்டு இளைஞர் முகஞ் சுளிப்பர்.

பெரிய பாடசாலையாயின், தெரிவுக்கு முன்னர் இரண்டு வாரம் ஒதுக்கி, இடாப்பின் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு சட்டகங்களில் முழுமையாகக் கட்டிப் பார்க்கலாம். பதிதல், தேடல், திருத்தல், விடுகைப் பத்திரம் அச்சிடல் யாவும் அதில் அடங்கவேண்டும். 2022 மார்ச் 31இல் நாட்டிலே பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே எழுபது பெயரைப் பதிந்து, எழுபத்தோராவது பெயரின் நடுவில் ஆளியை அணைத்து, மீண்டும் ஏற்றி எண்ணவேண்டும். எழுபதும் உள்ளனவா? பாதிப் பெயர் ஒன்று இடையிற் புகுந்துள்ளதா? பின்னர், பதிந்தவை அனைத்தையும் சட்டகத்தின் உதவியின்றித் தரவுத்தளத்திலிருந்து வெற்று அட்டவணையாக வெளியே எடுத்து, கணினியைத் தொட்டறியாத எழுதுவினைஞர் ஒருவரிடம் கொடுத்து, மூல இடாப்போடு வரிக்கு வரி ஒப்புநோக்கச் சொல்லவேண்டும். அவர் ஒப்பமிடும்வரை புதிய முறைமையிலிருந்து ஒரு விடுகைப் பத்திரமும் வழங்கலாகாது.