கண்டியில் இரண்டு நாள்: அறையை எந்தப் பக்கத்தில் எடுப்பது?

கண்டிக்கு வியாபார அலுவலாகப் போகும் நம்மவர்கள் தங்குமிடம் தேடும்போது கேட்கும் முதற் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்பதுதான். அடுத்தது, "டவுனிலிருந்து எத்தனை கிலோமீற்றர்?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் கண்டியைப் பொறுத்தவரை இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாளைக் காலை நமக்கு வேலை நகரின் எந்தப் பக்கத்தில்? அங்கே போவதற்கு நகரை ஊடறுத்துச் செல்ல வேண்டுமா, இல்லையா?

கொழும்பில் ஒரு பாதை அடைபட்டால் வேறொரு பாதையால் சுற்றிக்கொண்டு போகலாம். கண்டியில் அது இலேசல்ல. மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கும் நகரம் அது. மேற்கே பேராதனைப் பக்கம், வடக்கே கட்டுகஸ்தோட்டைப் பக்கம், கிழக்கே தென்னக்கும்புர, திகனப் பக்கம் என்று வரும் வாகனங்களில் பெரும்பகுதி வந்து சேருவது மன்னர் காலத்தில் வகுக்கப்பட்ட ஒடுங்கிய வீதிகளுக்குள்தான். 1988 முதல் உலக மரபுரிமை நகராக இருப்பதால் அந்த வீதிகளை இடித்து அகலமாக்குவதும் நினைத்தவுடன் நடக்கிற காரியமல்ல. போதாக்குறைக்கு, 1998 ஜனவரியில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பின் தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள பாதை வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதன் பாரம் முழுவதும் வாவியைச் சுற்றியுள்ள பாதையில் விழுந்தது. வாவிக்கு அப்பால் தங்குகிறவர் இதை ஒவ்வொரு நாளும் உணருவார்.

வாவிக்கு அப்பால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அம்பிட்டிய. நகரிலிருந்து தென்கிழக்கே தலாத்துஓயா போகும் பாதையில் சுமார் நான்கு கிலோமீற்றர். 1893 இல் ஆரம்பிக்கப்பட்ட கத்தோலிக்கக் குருமடத்தால் பெயர்பெற்ற ஊர். குருமடத்தைச் சொன்னால் ஓட்டோக்காரர் மறுபேச்சின்றிக் கொண்டுபோய் விடுவார். மலைக்காற்று, அமைதி, வீட்டோடு சேர்ந்த கெஸ்ட்ஹவுஸ்கள், வேன் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. நகருக்குள் இருக்கும் அதே தரத்து அறையோடு ஒப்பிட்டால் வாடகையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பிள்ளைகள் ஓடித் திரிய முற்றமும் கிடைக்கும். இவ்வளவையும் கேட்டதும் நம்மவர்கள் உடனே பதிவு செய்துவிடுகிறார்கள்.

மருதமுனைப் பக்கமிருந்து கைத்தறிச் சாரம் கொண்டுவரும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். மஹியங்கனை, தெல்தெனிய, திகன வழியாக வந்து தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து நகரின் கிழக்குப் பக்கத்தில் இறங்குகிறார். இருட்டிவிட்டது, களைப்பு வேறு. அந்த நேரத்தில் அம்பிட்டிய அவருக்குக் கைக்கெட்டிய தூரம். இரவு நிம்மதியாகக் கழிகிறது. ஆனால் மறுநாள் அவர் காசு சேர்க்க வேண்டிய கடைகள் இருப்பது அக்குறணையிலும் மடவளையிலும். அதாவது அம்பிட்டியவிலிருந்து இறங்கி, வாவியைச் சுற்றி, நகருக்குள் புகுந்து, மஹய்யாவ வழியாக வெளியேறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பமாகும். கிலோமீற்றர் கணக்கில் பதினைந்து சொச்சம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பாடசாலை வேன்களோடு சேர்ந்து ஊர வேண்டியதுதான். தர்மராஜ, மகாமாயா போன்ற பெரிய பாடசாலைகள் வாவிப் பக்கத்தில் இருக்கின்றன. 7.30க்குப் பாடசாலை தொடங்கிய பிறகு புறப்பட்டாலோ அக்குறணையில் கடைக்காரர் கொள்வனவாளர்களோடு பேச்சில் இறங்கியிருப்பார். "பின்னேரம் வாங்களேன்" என்ற பதில்தான் கிடைக்கும். பின்னேரம் வசூலித்த பணத்தை வைப்பிலிடப் போனால் வங்கி மூன்று மணிக்கே மூடியிருக்கும். பிறகு கையில் பணத்தோடு, இருட்டில், திரும்பவும் நகரைக் கடந்து மலையேற வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். அம்பிட்டியவில் அறை 2,000 ரூபா மலிவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 4,000 மிச்சம். சொந்த வாகனம் இல்லாதவர் அக்குறணை வரை ஓட்டோவில் ஒரு முறை போய்வந்தாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பஸ்ஸில் போனால் காசு மிச்சம்தான். ஆனால் நகரில் இறங்கி மாறி ஏற வேண்டும், கையில் சாம்பிள் மூட்டை வேறு. பார்க்க முடியாமற்போன இரண்டு கடைகளின் வசூலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் ஒரு மாதம் முந்திய திகதிக் காசோலை தரத் தயாராக இருந்தவர் என்றால், அறை வாடகையில் மிச்சம் பிடித்தது எங்கே போனது?

இதே வியாபாரி கட்டுகஸ்தோட்டையில் தங்கியிருந்தால் கதை வேறு. அங்கிருந்துதான் ஏ9 பாதை அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று வடக்கே ஓடுகிறது. குருநாகல், புத்தளம் போகும் ஏ10 பாதையும் அங்கேதான் பிரிகிறது. மடவளைக்கும் அங்கிருந்து போகலாம். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்க அக்குறணை, மாத்தளைப் பக்கம் வரும் கொழும்பு வியாபாரிகளுக்கும், புத்தளம், யாழ்ப்பாணத்திலிருந்து வருவோருக்கும் கட்டுகஸ்தோட்டையை விட வசதியான இடம் இல்லை என்பது எனது அபிப்பிராயம். அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். சத்தமும் புழுதியும் உண்டு, பாலத்தடியில் மாலை நெரிசலும் உண்டு. ஆனால் காலையில் நகரை நோக்கி வரும் வாகன வரிசைக்கு எதிர்த்திசையில் நீங்கள் போவீர்கள். அக்குறணையிலேயே தங்குவோரும் இருக்கிறார்கள். அங்கு சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆயினும் கடும் மழைக் காலத்தில் பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் வெள்ளம் வருவது வழக்கமாகிவிட்டதால், வானம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேலை முழுவதும் கண்டி நகருக்குள்ளேயே என்றால் நகரிலேயே தங்குங்கள். கொழும்பு வீதி, கோட்டுகொடல்ல வீதி, யட்டிநுவர வீதி, மத்திய சந்தை எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கக்கூடிய தூரம். புகையிரத நிலையமும் கிட்ட. முஸ்லிம் ஹோட்டல்களில் இரவுச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. வாகனத்தோடு வருபவருக்கு மட்டும் நகரம் தலையிடி. "பார்க்கிங் இருக்கிறது" என்று போனில் சொல்வார்கள். வந்து பார்த்தால் வீதியோரக் கட்டணத் தரிப்பிடத்தைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். லொறியோ பெரிய வேனோ என்றால் இதை முன்கூட்டியே துருவிக் கேட்க வேண்டும். அத்தோடு குட்ஸ்செட் பக்கம் புதிய போக்குவரத்து மையத்துக்கான வேலைகள் தொடங்கிய பின் பஸ்கள் நிற்கும் இடங்கள் மாறியிருக்கின்றன. பழைய ஞாபகத்தில் "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லொட்ஜ்" என்று தேடி வருகிறவர்கள், எந்த ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பேராதனைப் பக்கம் கம்பளை, நாவலப்பிட்டி, நுவரெலியா என்று மேலே போகிறவர்களுக்கும், மறுநாள் விடியவே கொழும்பு திரும்புகிறவர்களுக்கும் பொருந்தும். மற்றவர்களுக்கு அதில் விசேஷமாக ஒன்றுமில்லை.

அப்படியென்றால் அம்பிட்டிய யாருக்கு? திகன, குண்டசாலை, பல்லேகலை, தலாத்துஓயாப் பக்கம் வேலை இருப்பவருக்கு அது நல்ல இடம். நகரின் நடுப்பகுதிக்குள் நுழையாமலே அலுவலை முடித்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு மறுநாளைக் குடும்பத்தோடு கழிக்க நினைப்பவருக்கும் நல்லது. ஆனால் கெஸ்ட்ஹவுஸ்கள் பல பிரதான பாதையில் இல்லை, உள்ளே ஏறும் ஒழுங்கைகளில் இருக்கின்றன. "அம்பிட்டிய பஸ் பாதையிலிருந்து எத்தனை மீற்றர் ஏற்றம், வேன் வாசல்வரை வருமா, இரவு சாப்பாடு தருவீர்களா?" என்று மூன்றையும் கேளுங்கள். ஹலால் சாப்பாடு வேண்டுமென்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பல வீட்டுக்காரர்கள் மீன், மரக்கறியோடு சமாளித்துத் தருவார்கள். இல்லாவிட்டால் இரவு எட்டு மணிக்கு ஒரு கொத்துக்காக நகருக்கு இறங்கி ஏற வேண்டும். மழைக் காலத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. பாதைகள் துண்டிக்கப்பட்டன, புகையிரதப் பாதையும் சேதமடைந்தது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும் நாட்களில் மலிவு என்பதற்காக மலைச்சரிவில் அறை எடுக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் என்பதோடு எந்த நாள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எசல பெரஹெர நடக்கும் பத்து இரவுகளில் நகருக்குள் அறை கிடைப்பதும் அரிது, வாடகையும் ஆகாயத்தில். மாலையில் வீதிகளை மூடிவிடுவதால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை தலதா கண்காட்சி நடந்தபோது நகரமே அசையாமல் நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். போயா தினத்தில் வங்கியும் இல்லை, பாதிக் கடைகளும் இல்லை. வெள்ளிக்கிழமையும் கணக்கில் வர வேண்டும். ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும் நேரமும், 1.30க்குப் பாடசாலை விடும் நேரமும் அனேகமாக ஒன்றாகிவிடும். அன்றைக்கு வசூல் வேலையைப் பதினொரு மணிக்கு முன் முடித்துக்கொள்வது புத்தி. மிச்சத்தை அஸருக்குப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு இரவு தங்குகிறவர் இரண்டையும் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்று சட்டமில்லை. முதல் இரவு கட்டுகஸ்தோட்டையில் தங்கி, மறுநாள் அக்குறணை, மடவளை வேலையை முடித்து, மூன்று மணிக்கு முன் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, இரண்டாவது இரவுக்கு அம்பிட்டியவுக்கு வரலாம். கிழக்கிலிருந்து வந்தவருக்கு அடுத்த நாள் காலை தென்னக்கும்புர வழியாக வீடு திரும்ப அதுவே வசதி. ஓர் இரவுக்கு மட்டும் அறை தரச் சில கெஸ்ட்ஹவுஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சீசன் இல்லாத வார நாட்களில் நேரில் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.