டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம்... 48 மணி நேரத்தில் உலகத்தையே பிடிக்கும் ஹாம் ரேடியோ போட்டி! எப்படி சாத்தியம்?

சனிக்கிழமை அதிகாலை 5.30 மணிக்கு ஹெட்போனை மாட்டினால், திங்கட்கிழமை அதிகாலை 5.30 வரை ஓட்டம்தான். அக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும் 'சிக்யூ வேர்ல்டு வைடு' போட்டிக்காக உலகம் முழுக்க ஹாம் ரேடியோக்காரர்கள் இப்படித்தான் உட்காருகிறார்கள். நவம்பர் கடைசியில் இதே போட்டி மோர்ஸ் கோடில் நடக்கும்.

போட்டி விதி என்ன?

எதிரில் இருப்பவரின் அழைப்புக்குறி, சிக்னல் தரம், மண்டல எண். இவ்வளவு பரிமாறினால் போதும், அடுத்த ஆளைத் தேடலாம். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு இருப்பது 22-வது மண்டலத்தில். வேறு கண்டத்தைப் பிடித்தால் 3 புள்ளி. மொத்தப் புள்ளியை, தொடர்பு கொண்ட நாடுகள், மண்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அதனால் ஒரே நாட்டில் நூறு பேரைப் பிடிப்பதைவிட, புதுப்புது நாடுகளைப் பிடிப்பதுதான் கெத்து.

சரி, பூமி உருண்டை. சிக்னல் எப்படி அந்தப் பக்கம் போகிறது?

வானில் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம்தான் காரணம். சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற இந்த அடுக்கு, ரேடியோ அலையை வளைத்து பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. இப்படித் தாவித்தாவி 100 வாட் சிக்னல்கூட அமெரிக்கா வரை போய்விடும்.

பகலில் 10, 15, 20 மீட்டர் பேண்டுகள் கைகொடுக்கும். 40, 80, 160 மீட்டர் பேண்டுகளின் சிக்னலை, பகலில் உருவாகும் கீழ் அடுக்கு உறிஞ்சிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு மறைய, இவை தூர தேசங்களுக்குத் திறக்கும். சூரியப் புள்ளிகள் அதிகமுள்ள ஆண்டுகளில் 10 மீட்டர் களைகட்டும். ஆனால் 2024 மே மாதம் வந்ததைப் போல பெரிய சூரியப் புயல் வந்தால் பேண்டே செத்துப்போகும்.

ஆன்டெனா எவ்வளவு முக்கியம்?

20 மீட்டர் பேண்டுக்கு சுமார் 10 மீட்டர் கம்பி போதும். அதை உயரத்தில் கட்டினால் அலை தொடுவானத்தை ஒட்டிக் கிளம்பி வெகுதூரம் போகும். மொட்டை மாடியில் தூர்தர்ஷனுக்காகத் திருப்பித்திருப்பி வைத்தோமே, அந்த யாகி ஆன்டெனாவின் பெரிய வடிவமும் உண்டு. அது சக்தியை ஒரே திசையில் குவிக்கும்.

40, 80 மீட்டரில் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால், அலை நேர் மேலே போய் சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். போட்டிக்கு இது உதவாது. ஆனால் பேரிடரில், பக்கத்து மாவட்டத்தோடு பேச இதுதான் வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கா?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானிலிருந்து உலக நாடுகளோடு பேசிக்கொண்டிருந்தது. டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியது, தொலைபேசிகள் முடங்கின. அதே ரேடியோ, அதே ஆன்டெனா வழியாகத்தான் உயிர் பிழைத்தவர்களின் தகவல்கள் கரையில் தவித்த உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

எந்த நேரத்தில் எந்த பேண்ட் திறக்கும், எந்தக் கம்பி எங்கே போகும் என்பது போட்டியில் பழகியவருக்கு அத்துப்படி. ஆபத்து நேரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாத விஷயம் இது.

உங்களுக்கும் ஆர்வமா? 12 வயது நிரம்பியிருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். ஆனால் உரிமம் கைக்கு வரும்வரை மைக்கைத் தொடக்கூடாது, கேட்க மட்டும்தான்!