வேலையை விட்டுப் போனவரின் லாகின் என்ன ஆனது?

2018 ஜனவரி. மும்பை பிராடி ஹவுஸில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்கு, வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவன ஆட்கள் கடன் உறுதிக் கடிதம் கேட்டு வந்தார்கள். முழுத் தொகைக்கும் ரொக்க ஈடு வேண்டும் என்றார் அதிகாரி. இத்தனை நாள் ஈடு இல்லாமல்தானே வாங்கினோம் என்று அவர்கள் சொல்ல, வங்கி தன் கணக்கைத் துழாவியது. கொடுத்ததற்கான பதிவே அங்கே இல்லை. பிறகு வெளிவந்த மோசடித் தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு, வங்கியின் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படவில்லை. இந்த மோசடியில் குற்றம் சாட்டப்பட்ட ஓர் அதிகாரி, 2017-ல் ஓய்வு பெறும்வரை சுமார் ஏழு ஆண்டுகள் அதே கிளையில் இருந்தார். பாஸ்வேர்டுகள் வெளியாட்கள் கைக்கும் போயின என்பது சிபிஐ சாட்டிய குற்றம். 2018 ஏப்ரல் 30-க்குள் இரண்டு அமைப்புகளையும் இணைக்கும்படி ரிசர்வ் வங்கி கெடு விதித்தது.

யாரிடம் எந்த லாகின் இருக்கிறது, கொடுத்தது யார், இன்றும் அது தேவையா? இந்த மூன்று கேள்விகளுக்கும் உடனே பதில் சொல்வதற்காகவே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் இரண்டு வேலைகள் உண்டு. ஓடிபி, கைரேகை போன்றவற்றால் ஆளைச் சரிபார்த்து உள்ளே விடுவது ஒன்று. உள்ளே விட்டவருக்குக் கொடுத்த உரிமைகளை அவ்வப்போது தணிக்கை செய்வது மற்றொன்று. பல நிறுவனங்கள் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன.

2021 மே மாதம் பணயம் கேட்ட இணையத் தாக்குதலால் அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் நிறுவனம் எரிபொருள் குழாயையே நிறுத்த நேர்ந்தது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டே தாக்கியவர்கள் உள்ளே நுழையப் போதுமானதாக இருந்தது. அதற்கு ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. நிறுவனம் கொடுத்த பணயத் தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

பிள்ளைச்சாவடியில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான வளாகம் போன்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஒரு மாணவர் அணி வருகிறது, ஒன்று போகிறது. துறைத் தலைவர் பொறுப்பு கைமாறுகிறது. புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளர், கணக்காளர் என்று ஆள்மாற்றம் இன்னும் வேகம். சேருவோருக்கு முதல் நாளே லாகின் கிடைத்துவிடும். போவோரின் லாகினை மூடத்தான் ஆள் இருக்காது.

மென்பொருள் தேர்வை இங்கிருந்து தொடங்க வேண்டும். சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயரை நீக்கியதும் அவருடைய மின்னஞ்சல், டேலி, சரக்கு மென்பொருள் எல்லாம் தானாக மூடுமா? விற்பனையாளர் டெமோவில் இதைச் செய்து காட்டட்டும். பழைய, சொந்தமாக எழுதிய மென்பொருளோடு இணைப்பதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். சந்தாவைவிட இந்தச் செலவு ஏறிவிடுவது உண்டு.

அடுத்து, வேலைப் பிரிப்பு. புதிய சப்ளையரைப் பதிவு செய்பவரே அவருக்குப் பணத்தையும் விடுவிக்க முடிந்தால், மென்பொருள் எச்சரிக்க வேண்டும். காலாண்டுத் தணிக்கைப் பட்டியல், துறை மேலாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். புரியாத பட்டியலில் எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

முப்பது பேர் வேலை செய்யும் இடத்துக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள வசதிகளை ஒழுங்காக இயக்கினாலே போதும். நூற்றுக்கணக்கானோர் என்றால் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகளைப் பார்க்கலாம். கைதேர்ந்த தொழில்நுட்பக் குழு இருந்தால் இலவசமான கீக்ளோக் உள்ளே விடும் வேலைக்கு உதவும். செயில்பாயிண்ட், சவியிண்ட் போன்றவை ஆயிரக்கணக்கான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கானவை.

சட்டமும் நெருங்குகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

விற்பனையாளரை அழைக்கும் முன், கடந்த ஓராண்டில் வேலையை விட்டவர்களின் பட்டியலை எடுத்து, யாருடைய லாகின் இன்னும் திறந்திருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அதற்குப் பணம் செலவில்லை.