முன்பாரமும் பின்பாரமும்

கொல்கத்தா நகரின் படாபஜார் வட்டாரத்தில் காலை வேளையில் நடந்து செல்பவர் எவரும் 'தேலா' என்னும் கைவண்டிக்கு வழிவிடாமல் பத்தடி தூரம் கடக்க முடியாது. மரத்தாலும் மூங்கிலாலும் அமைந்த நீண்ட மேடை ஒன்று. அதன் நடுப்பகுதிக்குக் கீழே ஓர் அச்சு. அச்சின் இரு முனைகளிலும் பெரிய சக்கரங்கள். அவ்வளவே அந்த வண்டி. முன்னால் ஒருவர் பிடித்து இழுக்க, பின்னால் ஒருவரோ இருவரோ தள்ள, துணிப் பொதிகளும் இரும்புக் கம்பிகளும் காகித மூட்டைகளும் சந்து சந்தாக நகர்ந்து கொண்டிருக்கும்.

ஒரு நாள் அப்படிப்பட்ட ஒரு வண்டியில் பாரம் ஏற்றுவதை நின்று பார்த்தோம். பொதிகளை அடுக்கிக் கயிறு கட்டி முடித்தாயிற்று. இழுப்பவர் முன்புறத்தைப் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்த்தார். தலையை அசைத்தார். கட்டிய கயிற்றை மீண்டும் அவிழ்க்கச் சொல்லி, மேலே இருந்த ஒரே ஒரு பொதியைக் கையகலம் முன்னுக்குத் தள்ளச் செய்தார். பிறகு கட்டினார், தூக்கினார், புறப்பட ஆயத்தமானார். "ஒரு கையகலத்துக்காகவா இவ்வளவு பாடு?" என்று நாம் அரைகுறை இந்தியில் கேட்டோம். பீகார் மாநிலத்தைச் சேர்ந்த அந்த முதியவர் சொன்ன விடை இது: "பாபு, பாரம் பின்னே போனால் வண்டி என்னைத் தூக்கும், மிகவும் முன்னே வந்தால் நான் வண்டியைத் தூக்க வேண்டும்."

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொல்ல முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை. நம் ஊர்களில் மாட்டு வண்டி ஓட்டியவர்கள் இதனையே 'முன்பாரம்', 'பின்பாரம்' என்ற இரண்டு சொற்களில் அடக்கி வைத்திருந்தார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்திப் புண்ணாக்கும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலெழும்பும்; பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேடு ஏறும்போது "எல்லாரும் முன்னே தள்ளி உட்காருங்கள்" என்றும், பள்ளத்தில் இறங்கும்போது "பின்னே போங்கள்" என்றும் வண்டிக்காரர் சொல்வதைச் சிறு வயதில் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அது அவருடைய அதிகாரமன்று. மாட்டின் கழுத்தைக் காக்கும் கணக்கு.

இந்தச் சொற்களை நாமே மறந்து போயிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு நம்முடைய தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில்நுட்பக் கட்டுரை நம் மேஜைக்கு வந்தது. அதில் 'டங் வெயிட்' என்ற சொற்றொடர் பன்முறை வந்தது. அகராதியைப் புரட்டி, 'நாவின் எடை' என்று எழுதி வைத்தோம்! இழுக்கப்படும் வண்டியின் முன்கோல் இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் எவ்வளவு எடையோடு அமர்கிறது என்பதே அதன் பொருள். தேலா இழுத்த முதியவரைச் சந்தித்த பிறகுதான், அதற்கு 'முன்பாரம்' என்ற சொல் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்தது நினைவுக்கு வந்தது.

இந்தச் சொல் நமக்கு மீண்டும் பயன்பட்டது எதிர்பாராத ஓர் இடத்தில். லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழ் நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் குடியேறியவர். அங்கே விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்று, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ள சிறு வீடு போன்ற வண்டியொன்றை வாங்கியிருந்தார். இவ்வண்டிக்கு எஞ்சின் கிடையாது. நடுவில் சக்கரங்கள் இருக்கும். முன்கோலை ஒரு பிக்கப் லாரியின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். அங்கே இதனை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். புகைப்படங்களைக் காட்டிய நண்பர் பெருமையோடு அல்ல, கவலையோடுதான் பேசினார். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து சென்றபோது டிரெய்லர் பாம்பின் வால்போல இடமும் வலமும் ஆடியதாம். உள்ளே மருமகளும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்று மகன் எழுதியிருந்தார். "ஏன் ஆடியது என்று மட்டும் எழுதவில்லை" என்றார் நண்பர்.

மகனோடு பேசியபோது செய்தி விளங்கிற்று. அவருடைய பிக்கப், 'லெவல்' செய்யப்பட்டது. நேயர்களுக்கு இதனைச் சிறிது விளக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் பிக்கப் லாரி வெறுமையாக நிற்கும்போது பின்புறம் சற்று உயர்ந்தும் முன்புறம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். இது குறையன்று. பின்னால் பாரம் ஏறியதும் பின்வில்கள் அழுந்தி வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். ஆனால் வெறும் வண்டி மூக்கு தாழ்ந்து நிற்பது சிலர் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதில்லை. முன்வில்லின்மேல் ஒரு துண்டை இடையில் வைத்து, முன்புறத்தை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயர்த்திவிடுகிறார்கள். அப்போது வண்டி, கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாற்போல் நேராக நிற்கும். பெரிய டயர்களும் பொருந்தும். வெறும் வண்டியாக ஓடும்வரை பெரிய தொல்லை இல்லை.

டிரெய்லரை மாட்டியவுடன் கதை மாறுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் மொத்த எடை 2,500 கிலோ என்றும், அதில் 300 கிலோ கொக்கியின்மேல் அமர்கிறது என்றும் கொள்வோம். பிக்கப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 360 சென்டிமீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி 120 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. பின் அச்சு இங்கே நெம்புகோலின் ஆதாரம். கொக்கியில் 300 கிலோ அழுத்தும்போது, மறுமுனையில் முன்சக்கரங்களின் மீதிருந்து 100 கிலோ விலகுகிறது. பின்சக்கரங்களின்மேல் 300 அல்ல, 400 கிலோ கூடுகிறது. சிறுவர் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையைப் போன்றதே இது.

முன்சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது. பிரேக் போடும்போது பெரும் பங்கை ஏற்பதும் அதுவே. அங்கே எடை குறைந்தால் ஸ்டியரிங் இலேசாகும். மழை பெய்த சாலையில் பிடி தளரும். இந்த 100 கிலோ, லெவல் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் ஒன்றுதான். எடையில் வேறுபாடு இல்லை. ஆனால் செய்யாத வண்டி மட்டத்துக்கு வந்து நிற்கும் அதே பாரத்தில், லெவல் செய்த வண்டி வால் தாழ்ந்து மூக்கை வானத்துக்குத் தூக்குகிறது. விளக்கொளி எதிரே வருபவர் கண்ணில் பாய்கிறது. முன்சக்கரங்களின் அமைப்புக் கோணமும் மாறுகிறது. கொக்கி தாழ்வதால் டிரெய்லரும் முன்புறம் கவிழ்ந்தாற்போல் நிற்கிறது. வெறுமையில் பெற்ற நேர்த்தியைப் பாரத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டி வருகிறது.

இங்கேதான் நண்பரின் மகன் ஒரு தவறு செய்தார். செய்யாதவர் குறைவு என்பதால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. வால் தாழ்ந்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. டிரெய்லரின் முன்புறம் இருந்த பெட்டிகளையும் மிதிவண்டிகளையும் எடுத்துப் பின்கோடியில் வைத்தார். பின்புறத்தில் அமைந்திருந்த தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பினார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் என்றால் இரண்டு ஆட்களின் எடைக்கு மேல். உடனே கொக்கியின் சுமை குறைந்தது, பிக்கப் நிமிர்ந்தது, பார்வைக்கு எல்லாம் நேராயிற்று. உண்மையில் அவர் செய்தது, முன்பாரத்தை எடுத்துப் பின்பாரம் ஆக்கியதுதான்.

பின்பாரமான வண்டி மெல்ல ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஒரு காற்றோ, கடந்து செல்லும் லாரியோ தள்ளினால் அதன் வால் ஒரு பக்கம் விலகும், பிறகு திரும்பும். அச்சுக்குப் பின்னால் கனம் இருப்பதால், திரும்பும்போது நடுவில் நில்லாமல் மறுபக்கம் வீசும். வேகம் குறைவாயின் இந்த வீச்சு ஒவ்வொரு முறையும் சுருங்கி அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலோ ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். இழுக்கும் வண்டியையே வால் ஆட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் பதறி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும், பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கேட்டையே தரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்கெனத் தனிப் பிரேக் இருந்தால் அதனை மட்டும் கையால் மெல்லப் போடுவதே முறை. மகன் அன்று காலை எடுத்தது நல்லூழ்.

அமெரிக்காவில் இவ்வகை டிரெய்லரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் இருக்கவேண்டும் என்பது வழக்கமான விதி. ஐரோப்பாவில் டிரெய்லர்கள் இலேசானவை, வேக வரம்பும் கட்டுப்பாடானது. அங்கே இதைவிடக் குறைந்த பங்கே போதும் என்கிறார்கள். எந்த நாடாயினும் கனமான பொருள்களை அச்சை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால், தாழ்வாக வைக்கவேண்டும் என்பதில் மாற்றமில்லை. படாபஜார் முதியவரின் கையகலம் இதுவே.

அப்படியானால் தாழ்ந்த வாலுக்கு என்ன செய்வது? பின்வில்லோடு காற்றுப்பைகளைப் பொருத்தி ஊதி உயர்த்துவது ஒரு வழி. இதில் ஒரு மயக்கம் உண்டு. காற்றுப்பை உயரத்தைத் திருப்பித் தரும். முன்சக்கரம் இழந்த எடையைத் திருப்பித் தராது. வண்டி நேராக நிற்கும், ஸ்டியரிங் இலேசாகவே இருக்கும். எடையைத் திருப்பித் தருவது வேறொரு கருவி. கொக்கியிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்குப் போகும் இரண்டு வில்கம்பிகளை இறுக்கிப் பூட்டினால், அவை தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல் பிக்கப்பின் பின்புறத்தைத் தூக்க முயன்று, பாரத்தில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் மற்றொரு பகுதியை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன. எவ்வளவு இறுக்குவது என்பதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. டிரெய்லரை மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டியபின் அளக்க வேண்டும். வில்கம்பி பூட்டியபின் மீண்டும் அளந்து, பழைய அளவுக்கு நெருங்கி வரும்வரை சரிசெய்ய வேண்டும். லெவல் செய்த பிக்கப்பில், கொக்கி அமரும் கையின் உயரத்தையும் டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி மாற்றி அமைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்கும் நேயர்கள், "இது கடல் கடந்தவர் கவலை, நமக்கேன்?" என்று எண்ணலாம். நாம் வாழும் மாநிலங்களில் நாள்தோறும் காணும் டிராக்டரை எண்ணிப் பாருங்கள். பின்னால் இரு சக்கர டிரெய்லரில் கரும்போ செங்கல்லோ மலையாக ஏற்றியிருப்பார்கள். முன்பாரம் அளவு மீறி டிராக்டரின் பின்கொக்கியை அழுத்த, மேடு ஏறும் இடத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரம் எந்தப் பக்கமும் திரும்பாது. ஓட்டுபவருக்குச் சிரிப்பு, சுற்றி நிற்பவர்க்கு வேடிக்கை! பாரம் ஏற்றும் அதே டிரெய்லரில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வது வட இந்தியக் கிராமங்களில் இன்றும் உள்ள வழக்கம். மூட்டைகள் கட்டிய இடத்தில் கிடக்கும்; மனிதர் ஒரு பக்கம் சாய்வர், எழுந்து நிற்பர், பின்பலகையில் கால் தொங்கவிட்டு அமர்வர். பாரத்தின் நிலை நொடிக்கு நொடி மாறும். 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக 25 பேருக்கு மேல் இறந்தனர். பாரம் சுமக்கச் செய்த வண்டியில் மனிதரை ஏற்றலாகாது என்பதை நம் வீட்டார்க்கும் அண்டை வீட்டார்க்கும் எடுத்துச் சொல்ல நாம் தயங்கக் கூடாது.

மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்ஷாவும் இந்த நகரில் இன்னும் சில தெருக்களில் ஓடுகிறது. அதனை ஒழிக்க மேற்கு வங்கச் சட்டமன்றம் 2006இல் மசோதா நிறைவேற்றியது. அந்த வழக்கின் நியாய அநியாயம் தனிப் பேச்சுக்கு உரியது. இழுப்பவர் கைக்கோல்களைத் தூக்கியதும், ஏறியவரைப் பார்த்துக் கோலைச் சற்று முன்னோ பின்னோ மாற்றிப் பிடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பருத்தவர் ஏறினால் ஓரிடம், பள்ளிக் குழந்தை ஏறினால் வேறிடம். அவர் கையில் நிறைதராசு இல்லை.

நண்பரின் மகனுக்கு இவற்றையெல்லாம் நீண்ட கடிதமாக எழுதினோம், படமும் வரைந்தோம். இரண்டு வாரம் கழித்து விடை வந்தது. டிரெய்லரை எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். கொக்கியின்மேல் நூற்றுக்கு 4 பங்குகூட இல்லையாம். மிதிவண்டிகளை முன்னுக்குக் கொண்டுவந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, வில்கம்பிகள் வாங்கிப் பூட்டி, மீண்டும் எடை போட்டபோது 12 பங்குக்கு வந்ததாக எழுதியிருந்தார். முன்புறத்தை உயர்த்த வைத்த துண்டை மட்டும் எடுக்க மனம் வரவில்லை என்றும், "மாமா, அது பார்க்க நன்றாக இருக்கிறது" என்றும் கடைசி வரியில் சேர்த்திருந்தார். நண்பர் அதைப் படித்துவிட்டு, அளவுநாடா ஒன்று வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னார்.